கடைசிப் பத்து நிமிடம்

கல்யாண வீடியோ டிவிடியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அதற்கு முன் விஎச்எஸ் கேசட், பின்னால் பென் டிரைவ். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய பத்து வருடத்துக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள்நீர், அறுபதாம் கல்யாணம் எல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கின்றன. நான் அப்போது கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்தேன். ஆடிட்டர் ஆபீஸ், பாத்திரக் கடை, டைப்பிங் சென்டர் என்று எல்லா இடத்துக்கும் போவேன். அவசரமாகக் கூப்பிடுகிறவர்கள் என்றால் ஸ்டூடியோக்காரர்கள்தான். கடையில் பில் போடும் மெஷின் ஒரு நாள் படுத்துவிட்டால் கையால் எழுதிச் சமாளித்துவிடலாம். ஸ்டூடியோவில் மெஷின் படுத்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

அன்றைய வேலைமுறை தெரிந்தால்தான் அந்தப் பதற்றம் புரியும். மினி டிவி கேசட்டில் படம் எடுப்பார்கள். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 13 ஜிபி ஆகும். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, எம்பெக்-2 ஆகச் சுருக்கி டிவிடியில் எழுதுவார்கள். இந்த மொத்த வேலைக்கும் எங்கள் பக்கம் ‘மிக்சிங்’ என்று பெயர். பார்ட்டி வந்து பாக்கிப் பணத்தைக் கொடுத்து டிவிடியை வாங்கிக்கொண்டு போனதும், ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடுவார்கள். கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும். அதன் மேலேயே வேறொரு கல்யாணம் பதிவாகும். 80 ஜிபி, 160 ஜிபி ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொண்டு மாதம் பத்துக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆக, அந்தக் கல்யாணம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பார்ட்டி கையில் இருக்கும் இரண்டு மூன்று தகட்டில் மட்டும்தான் இருக்கும்.

2008 ஆவணியில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றிலிருந்து போன் வந்தது. “தம்பி, புது ரைட்டர் மாட்டுனதுலேர்ந்து ஒரு டிஸ்க்கும் ஒழுங்கா வரல. ஒண்ணு எழுத ஒரு மணி நேரம் ஆவுது. எழுதுனாலும் பாதியில நிக்குது. நாளான்னைக்கு மாப்பிள்ளை சிங்கப்பூர் கிளம்புறார்ப்பா.” ஸ்டூடியோக்கார அண்ணன் குரலை உயர்த்திப் பேசுகிறவர் இல்லை. அன்று உயர்த்தியிருந்தார்.

பழைய டிவிடி ரைட்டர் போனதில் அதிசயம் இல்லை. இரண்டு வருடம் முகூர்த்த நாள் தவறாமல் உழைத்திருந்தது. கடைசி மாதங்களில் அது சிடியைப் படிக்கும், டிவிடியைப் போட்டால் விழிக்கும். பலருக்கு இது புதிராக இருக்கும். சிடி ஓடுகிறதே, அப்புறம் டிரைவில் என்ன குறை என்பார்கள். சிடிக்கு ஒரு லேசர், டிவிடிக்கு இன்னொரு லேசர். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. ஒன்று தேய்ந்தாலும் மற்றது வேலை செய்யும். எழுதுவதற்குப் படிப்பதைவிடப் பல மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதால் டிவிடி எழுதும் லேசருக்குத்தான் முதலில் ஆயுள் முடியும். அதனால் அண்ணன் சென்னைக்குப் போனபோது ரிச்சி தெருவில் ஒரு புது 20எக்ஸ் ரைட்டர் வாங்கிவந்து தானே மாட்டியிருந்தார். பழையது 8எக்ஸ். வேகம் இரண்டரை மடங்கு. வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்திருந்தார். நியாயமான எதிர்பார்ப்புதான்.

நான் போனபோது மேஜை மேல் கெட்டுப்போன தகடுகள் ஒரு அடுக்காக இருந்தன. கம்ப்யூட்டர், பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி. அந்த எக்ஸ்பிக்குத் தானாக டிவிடி எழுதத் தெரியாது, சிடி மட்டும்தான் எழுதும். அதனால் ரைட்டரோடு ஒரு மென்பொருளும் சேர்ந்து வரும். அப்படி இலவசமாக வருவது பெரும்பாலும் அந்தக் கம்பெனி ரைட்டரோடு மட்டும்தான் வேலை செய்யும். பழைய ரைட்டரோடு வந்தது புதியதைக் கண்டுகொள்ளவில்லை என்பதால் யாரோ அதை நீக்கிவிட்டுப் புதியதைப் போட்டிருக்கிறார்கள். நீக்கியதும் மை கம்ப்யூட்டரில் ரைட்டரே காணாமல் போயிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி. ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இரண்டு பதிவுகள் இருக்கும். பழைய மென்பொருள் போகும்போது அவற்றைத் துடைத்துவிட்டுப் போகாது. அந்த இரண்டையும் அழித்து மறுபடி இயக்கினால் டிரைவ் திரும்ப வந்துவிடும். இதை எனக்கு முன்பே அவருடைய மிக்சிங் பையன் செய்துவிட்டிருந்தான். கெட்டிக்காரப் பையன். அதற்கு மேல் அவனுக்கு வழி தெரியவில்லை.

ஒரு தகட்டைப் போட்டு எழுதச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் பஃபர் அளவை, அதாவது எழுதக் காத்திருக்கும் தகவலின் அளவைக் காட்டும் பட்டை மேலே போவதும் பாதாளத்துக்கு இறங்குவதுமாக இருந்தது. மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தது. எழுதும் வேகம், தகட்டில் போட்டிருந்தபடி, 16எக்ஸ். நடந்தது 1எக்ஸ் அளவுக்குக் கூட இல்லை. டிவிடியில் 1எக்ஸ் என்பது நொடிக்கு ஏறக்குறைய 1.38 எம்பி. முழுத் தகடு எழுத 56, 57 நிமிடம் பிடிக்கும். 16எக்ஸ் என்றால் உச்சத்தில் நொடிக்கு 22 எம்பி. ஆறு நிமிடத்துச் சொச்சத்தில் முடிந்துவிட வேண்டும். அண்ணன் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கிலேயே பாதி விடை இருந்தது. தகவல் டிரைவுக்குப் போய்ச் சேரவில்லை. டிரைவ் எழுதக் காத்திருக்கிறது. கம்ப்யூட்டர் கொடுக்கத் திணறுகிறது. லேசர் எழுதுவதை நிறுத்தி, காத்திருந்து, விட்ட இடத்தைத் தேடிப்பிடித்து மறுபடி எழுதுகிறது. பழைய சிடி ரைட்டர்களில் இப்படி ஆனால் தகடே வீண். இடையில் நிறுத்தி ஒட்டி எழுதும் வசதி பிறகு வந்தது. அதனால் தகடு தப்பும். ஆனாலும் ஒவ்வொரு ஒட்டும் ஒரு தழும்புதான்.

டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஈ சேனலைத் திறந்து பார்த்தேன். பிஐஓ மோடு என்று இருந்தது.

இந்தப் பிஐஓ என்ற மூன்றெழுத்தால் நம் ஊரில் எத்தனை நல்ல ரைட்டர்கள் குப்பைக்குப் போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். தகவலை டிரைவுக்கு அனுப்ப இரண்டு முறை உண்டு. டிஎம்ஏ முறையில் கன்ட்ரோலர் தானே நினைவகத்திலிருந்து எடுத்து அனுப்பிக்கொள்ளும். பிராசசர் தன் வேலையைப் பார்க்கலாம். பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டையும் பிராசசரே தூக்கிக்கொண்டு போய்ப் போட வேண்டும். கல்யாண வீட்டுக்காரரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் பரிமாறுவதைப் போன்றது அது. வாசலில் வருகிறவர்களை வரவேற்க ஆள் இருக்காது. மவுஸ் இழுத்ததன் காரணம் அதுதான்.

டிஎம்ஏவில் ஓட வேண்டியது ஏன் பிஐஓவுக்கு இறங்கியது? எக்ஸ்பியில் ஒரு பழக்கம் உண்டு. கேபிள் வழியே போகும் தகவலில் பிழை வந்தால் எண்ணிக்கொண்டே இருக்கும். ஆறு பிழை சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும். மறுபடி பிழை வந்தால் இன்னொரு படி. கடைசியில் பிஐஓவில் வந்து நிற்கும். நின்றால் நின்றதுதான், தானாக மேலே ஏறாது. அடுத்த நாள் கம்ப்யூட்டரை இயக்கினாலும் அங்கேயே நிற்கும். பயனாளருக்கு ஒரு வார்த்தை சொல்லாது. அமைப்பை எழுதியவர்கள் பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்திருப்பார்கள். ஆனால் சொல்லாமல் செய்தது பெரிய பிசகு என்பது என் எண்ணம். ஒரு சின்ன எச்சரிக்கை வந்திருந்தால் ஆயிரம் பேர் டிரைவை மாற்றாமல் கேபிளை மாற்றியிருப்பார்கள்.

கேபினட்டைத் திறந்தோம். உள்ளே இருந்தது பழைய 40 இழைப் பட்டைக் கேபிள். இடம் போதாமல் நடுவில் மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். மடித்த இடம் வெளுத்து வரியோடியிருந்தது. பழைய ரைட்டரோடு எப்படியோ ஒத்துப்போயிருந்த கேபிள், மாற்றும்போது பிடுங்கி மறுபடி சொருகியதில் இன்னும் தளர்ந்திருக்கும். அதோடு இன்னொன்று. வீடியோ வைத்திருந்த இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும் ரைட்டரும் அதே ஒரு கேபிளில் மாஸ்டர், ஸ்லேவாக இருந்தன. ஒரு ஐடிஈ கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஹார்ட் டிஸ்க் கொடுக்கும்போது ரைட்டர் வாங்க முடியாது, ரைட்டர் வாங்கும்போது ஹார்ட் டிஸ்க் படிக்க முடியாது. 8எக்ஸில் இந்த இழுபறி பெரிதாகத் தெரியாமல் ஓடியிருக்கிறது. 16எக்ஸ் கேட்கும் டிரைவுக்கு அது போதவில்லை.

என் பையில் 80 இழைக் கேபிள் எப்போதும் இருக்கும். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. கூடுதலாக உள்ள 40 இழையும் தரைக்கம்பிகள். பக்கத்துப் பக்கத்து இழைகளின் சமிக்ஞை ஒன்றோடொன்று கலக்காமல் அவை தடுக்கும். வீடியோ டிஸ்க்கை முதல் கேபிளுக்கு மாற்றி, ஜம்பரைச் சரிசெய்து, ரைட்டரைத் தனிக் கேபிளில் மாஸ்டராகப் போட்டேன். ரைட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பும் ஒரு பிரிப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதிலேயே ஒரு காற்றாடியும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் தொங்கின. எழுதும்போதும் தகடு வேகமெடுக்கும்போதும் டிரைவ் இழுக்கும் மின்சாரம் அதிகம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வரும் ஒரு தனி இணைப்பை அதற்குக் கொடுத்தேன். பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஈ சேனலையே அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினேன். எக்ஸ்பி புதிதாகக் கண்டுபிடித்து, அல்ட்ரா டிஎம்ஏ மோடு 4 என்று எழுதிக்காட்டியது. இந்த ஒரு வரியைப் பார்ப்பதற்காகவே பல நாள் உழைத்திருக்கிறேன் என்பதால் அதைப் பார்த்தால் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி வரும்.

தகடு ஆறரை நிமிடத்தில் எழுதி முடிந்தது. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பெட்டி வந்தது. பையன் கை தட்டினான். அண்ணன் டீ வாங்கிவரச் சொன்னார்.

டீ வருவதற்குள் தகட்டை வெளியே எடுத்து மறுபடி உள்ளே தள்ளி, படிக்கும் வேகத்தைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். அது ஒரு கோடு போடும். நல்ல தகடாக இருந்தால் இடமிருந்து வலமாகக் கோடு அலுங்காமல் ஏறிக்கொண்டே போகும். இந்தக் கோடும் ஏறியது. 4 ஜிபி தாண்டியதும் ஒரு பள்ளம். மறுபடி எழுந்தது. மறுபடி பள்ளம். பிறகு தரையோடு தரையாகப் படுத்தது. டிரைவுக்குள் தகடு வேகம் குறைந்து, எழும்பி, குறைந்து, திணறும் சத்தம் கேட்டது. அண்ணன் அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டார். “இதான் தம்பி. பார்ட்டி வீட்டு பிளேயர்லயும் இப்படித்தான். கடைசிப் பத்து நிமிஷம் வந்தா கட்டம் கட்டமா உடையுது.”

கடைசி ஏன் உடைகிறது என்பது தகட்டின் அமைப்பில் இருக்கிறது. டிவிடியில் எழுத்து நடுத்துளைப் பக்கத்திலிருந்து தொடங்கி விளிம்பு நோக்கிச் சுருளாகப் போகும். சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 0.74 மைக்ரான்தான் தூரம். சிடியில் இது 1.6 மைக்ரான். தகட்டுக்குள் ஒரு சாயப் பூச்சு உண்டு. லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. 16எக்ஸ் என்பது முழுத் தகட்டுக்கும் ஒரே வேகம் இல்லை. நடுவில் ஆறு ஏழில் தொடங்கி விளிம்புக்குப் போகும்போதுதான் பதினாறைத் தொடும். அப்போது தகடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை ஒட்டிச் சுழலும். மட்டமான தகட்டில் சாயம் சமமாகப் பரவாமல் கெடுவதும் விளிம்பில்தான். தகடு லேசாக வளைந்திருந்தால் ஆட்டம் அதிகம் தெரிவதும் அங்கேதான். வேகமும் உச்சம், தரமும் குறைவு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கல்யாணத்தின் கடைசிப் பகுதி இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடியோவில் அங்கே என்ன இருக்கும்? பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் காட்சி. அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வது. அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. முழு வீடியோவில் மறுபடி மறுபடி பார்க்கப்படும் பகுதி அதுதான்.

“பழைய ரைட்டர் இதே டிஸ்க்குல நல்லாத்தானேப்பா எழுதுச்சு?” என்றார் அண்ணன். சரியான கேள்வி. ஒவ்வொரு வெற்றுத் தகட்டிலும் தயாரித்தவரின் அடையாளக் குறி ஒன்று தொழிற்சாலையிலேயே பதிந்திருக்கும். ரைட்டர் அதைப் படித்து, தனக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரலில் உள்ள பட்டியலில் தேடும். இந்தத் தகட்டுக்கு இவ்வளவு லேசர் சூடு, இவ்வளவு நேரத் துடிப்பு என்று அதில் எழுதியிருக்கும். பிறகு தகட்டின் உள்விளிம்பில் ஒரு சோதனை எழுத்து எழுதிப் பார்த்து சூட்டைத் திருத்திக்கொள்ளும். பட்டியலில் குறி இல்லையென்றால் பொதுவான ஒரு கணக்கில் எழுதும். பழைய ரைட்டர் அந்தத் தகட்டை அறிந்திருக்கலாம். அறியாவிட்டாலும் 8எக்ஸுக்கு மேல் போகாது என்பதால் தகடு தாங்கியது. அதைவிட முக்கியம், தகடே பழைய தகடு இல்லை. குறியைக் காட்டும் இலவச நிரல் ஒன்றில் பழைய தகட்டு ஸ்பிண்டில், புதிய ஸ்பிண்டில் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துப் போட்டுப் பார்த்தோம். அட்டையில் ஒரே பெயர், ஒரே நிறம். உள்ளே வேறு வேறு குறி. வேறு வேறு தொழிற்சாலை. விற்கிற பெயர் ஒன்றாகவும் செய்கிற கை வேறாகவும் இருப்பது அந்த வியாபாரத்தில் சகஜம். இதை நான் விளக்கியபோது அண்ணனுக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. புது ரைட்டரை ஏமாந்து வாங்கிவிட்டோமோ என்று ஒரு வாரமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார்.

ரைட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருந்தது. ஸ்டூடியோவில் இணையம் இல்லை. தெருக்கோடி பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பென் டிரைவில் இறக்கி வந்தேன். வந்ததும் உடனே ஏற்றவில்லை. அது தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு இருந்த வருடம். ஃபர்ம்வேர் ஏறும் அந்த ஒரு நிமிடத்தில் கரண்ட் போனால் ரைட்டர் அத்தோடு முடிந்தது, வாரன்டிக்குக்கூட வாயைத் திறக்க முடியாது. யுபிஎஸ் பேட்டரியோ பழசு. அன்றைய வெட்டு வந்து, போய், கரண்ட் திரும்பி, கால் மணி நேரம் நிலையாக நின்ற பிறகு, டிரைவுக்குள் தகடு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஏற்றினேன். அந்த ஒரு நிமிடம் மூன்று பேரும் வாய் திறக்கவில்லை.

நல்ல பெயருள்ள வேறு தகடு ஒரு பெட்டி வாங்கிவரச் சொன்னேன். வேகத்தை 8எக்ஸுக்கு இறக்கினேன். அதற்கும் கீழே, 2எக்ஸ், 4எக்ஸ் என்று போகப் போக இன்னும் நன்றாக வரும் என்று பலர் நம்பினார்கள். அது சிடி காலத்து அனுபவம். 16எக்ஸுக்கென்று செய்த சாயம் மிக மெதுவான எழுத்துக்கு ஏற்றதாக இருக்காது. நடுவாக எழுதுவதே நல்லது. படத்தையும் 4.7 ஜிபி முழுக்க நிரப்பாமல், விளிம்பில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும்படி சுருக்கச் சொன்னேன். விண்டோஸ் கணக்கில் 4.38 என்று காட்டும் இடத்தில் 4.1, 4.2-ல் நிறுத்தினால் அந்த மோசமான விளிம்புக்கே போக வேண்டியதில்லை. கல்யாணம் பெரிதாக இருந்தால் இன்னொரு தகடு போடட்டும். தகடு பதினைந்து ரூபாய். கல்யாணத்துக்கு விலை ஏது? எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ கட்டத்தில் டிக் போட்டேன். அதுவரை அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. இரட்டை நேரம் பிடிக்கிறது என்று முகூர்த்த அவசரத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் அதை எடுத்துவிடுவார்கள்.

‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று வரும் பெட்டியை நம்பக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் தலையானது. லேசர் தன் பங்குக்கு எரித்துவிட்டது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். எரிந்தது படிக்க வருமா என்று அது பார்க்கவில்லை. படித்துப் பார்த்தால்தான் தெரியும். எழுதிய டிரைவிலேயே படிப்பதும் போதாது. அது தான் எழுதியதை எப்படியாவது படித்துவிடும். வேறு டிரைவில், முடிந்தால் பார்ட்டி வீட்டில் இருப்பது போன்ற சாதாரண பிளேயரில், கடைசிப் பகுதிக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புதிதாக எழுதிய தகட்டின் கோடு கடைசி வரை அலுங்காமல் ஏறியது. ஸ்டூடியோவில் இருந்த பிளேயரில் போட்டு, பெண் காரில் ஏறும் இடத்துக்கு ஓட்டினோம். உடையவில்லை. மாப்பிள்ளை வீட்டில் இன்னும் பழைய பிளேயர் இருக்கிறது, பிளஸ் ஆர் தகடு அதில் ஓடாது என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் மைனஸ் ஆர் தகட்டிலேயே எல்லாப் பிரதியும் எழுதினோம். மைனஸ் ஆர் 1997-லும் பிளஸ் ஆர் 2002-லும் வந்தவை. முதல் தலைமுறைப் பிளேயர்கள் பலவற்றுக்கு இரண்டாவதோடு ஒத்துப்போகாது. இரவு கடை சாத்தும்போது தகடுகள் உறையில் இருந்தன. மறுநாள் பார்ட்டி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை கையில் ஒரு பிரதியோடு சிங்கப்பூர் போனார்.

இது சரியானதைப் பற்றியது. சரியாகாததையும் சொல்ல வேண்டும்.

ரைட்டர் மாற்றியதற்கும் நான் போனதற்கும் இடைப்பட்ட நாட்களில் ஸ்டூடியோவிலிருந்து வேறு தகடுகளும் வெளியே போயிருந்தன. சில மாதம் கழித்துத் திருவிடைமருதூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் ஒருவர் தகட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய மனைவி இறந்து இருபது நாள். பேத்தி கல்யாணத்தில் அந்த அம்மா பெண்ணை வழியனுப்பும்போது திருநீறு பூசிவிட்டு ஏதோ சொல்வது கடைசியில் வருமாம். காரியத்துக்கு வந்தவர்களுக்குப் போட்டுக்காட்டலாம் என்று போட்டால் அந்த இடம் வந்ததும் படம் நின்றுவிடுகிறது. “போட்டோ இருக்குய்யா. குரல் இதுல மட்டுந்தான் இருக்கு,” என்றார்.

கேசட் அதற்குள் வேறு கல்யாணம் ஆகியிருந்தது. ஹார்ட் டிஸ்க்கிலும் இல்லை. தகட்டை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். என்னிடம் இருந்த ஒவ்வொரு டிரைவிலும் போட்டேன். ஒரே தகட்டை ஒரு டிரைவ் படிக்காது, இன்னொன்று படிக்கும். லென்ஸும் மோட்டாரும் பிழைதிருத்தும் திறனும் டிரைவுக்கு டிரைவ் வேறுபடும். ஒரு லேப்டாப் டிரைவ் மற்றவற்றைவிட நன்றாகப் படித்தது. லேப்டாப் டிரைவுகள் மெதுவாகச் சுழல்பவை; மோசமான தகட்டுக்கு அதுவே நல்லதாகப் போனது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப்போய், பின்னால் திரும்பிவந்து, விட்டுப்போன துண்டுகளை மட்டும் மறுபடி மறுபடி முயலும் நிரல் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பெரும்பகுதி வந்திருந்தது. அந்த அம்மா பேத்தியின் நெற்றியில் கை வைப்பது இருந்தது. முதல் இரண்டு மூன்று வார்த்தை இருந்தது. அதற்குப் பிறகு திரை கட்டங்களாக உடைந்து, சத்தம் அறுந்து, கார் கிளம்புவதில்தான் மறுபடி சேர்ந்தது. அந்த அம்மா சொன்ன மீதி எந்த டிரைவிலும் வரவில்லை. பெரியவர் வந்ததை வாங்கிக்கொண்டார். பணம் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. அதன் பிறகு அண்ணன் ஒரு வேலை செய்தார். டிவிடி கொடுத்தபின் ஒரு முழு வருடம் கேசட்டை அழிப்பதில்லை என்று தீர்மானித்து, அதற்காகவே புதுக் கேசட் பெட்டி பெட்டியாக வாங்கினார். அந்தச் செலவைப் பார்ட்டியிடம் கேட்கவும் இல்லை. ஊரில் எனக்குத் தெரிந்து அப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது அந்தத் தொழிலே இல்லை. வெற்றுத் தகட்டில் மிக நல்லது என்று நாங்கள் மதித்த ஜப்பானின் தாயோ யூடன் 2015-ல் அந்த வியாபாரத்தை விட்டது. தமிழ்ப் படங்களை முப்பது ரூபாய் சுமாருக்கு விசிடி, டிவிடியாக வீடுதோறும் கொண்டுசேர்த்த மோசர் பேர் நிறுவனமும் 2018-ல் கலைக்கப்பட்டது. புது லேப்டாப்பில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் வருவதில்லை. டிவிடி பிளேயரை வீட்டில் எங்கே வைத்தோம் என்று பலருக்கு நினைவில்லை. தகடு மட்டும் பீரோவில், ஆல்பத்தின் பின்னட்டை உறையில், வெல்வெட் பெட்டியில் இருக்கிறது. சாயப் பூச்சு வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கெடும். நம் ஊர் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் மூன்றும் உண்டு. அன்று விளிம்பில் அரைகுறையாக எழுதப்பட்ட தகடு இன்று இன்னும் மோசமாகியிருக்கும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு தகடு இருந்தால், இந்த வாரமே எடுங்கள். யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் இன்னும் விற்கிறது. வாங்க வேண்டாம் என்றால் தெரிந்தவரிடம் இரவல் கேளுங்கள். தகட்டை மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். உள்ளே வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகல் நடுவில் நின்றால் தகடு போயிற்று என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேறு டிரைவில் போடுங்கள், அதுவும் முடியாவிட்டால் இன்னொன்றில் போடுங்கள். நகல் முடிந்ததும் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு மூடாமல், கடைசிக்கு ஓட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி வையுங்கள். அந்த ஆண்டுகளில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.